மாமி நிறுத்திய குளுசை: 'டென்ஷன்' என்றால் எது?

வாவிக்கரை (கல்லடி)

எங்கள் மாமிக்கு வயது 58. மூன்று வருடமாகப் பிரஷர் குளுசை போடுகிறவர். முதன்முதலில் கண்டுபிடித்த அன்று கிளினிக்கில் நல்ல சனம். "உங்களுக்கு ஹைப்பர்டென்ஷன், குளுசையைத் தொடர்ந்து போடவேணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். விளங்கப்படுத்த ஒருவருக்கும் நேரமில்லை. அந்த நாட்களில் மாமியின் மகன் கட்டாரில் வேலையை இழந்து, சம்பளப் பாக்கியும் கைக்கு வராமல் அலைந்துகொண்டிருந்தான். மாமிக்கு இரவில் நித்திரையே இல்லை. ஆகவே, "எனக்கு டென்ஷன் கூடிப்போச்சு, அதுக்குத்தான் குளுசை" என்று அவர் எடுத்துக்கொண்டதில் பிழை சொல்ல என்னால் முடியவில்லை.

தை மாதம் மகன் ஊருக்கு வந்து சேர்ந்தான். மாமி ஒருவரிடமும் சொல்லாமல் குளுசையை நிறுத்திவிட்டார். நான்கு மாதம். போன கிழமை காலையில் தேத்தண்ணிக் கோப்பை அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவருக்கு வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது, பேச்சும் குழறியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது பிரஷர் 196/112. ஒரு மணித்தியாலத்துக்குள் வாய் சரியாகிவிட்டது. இப்போது வீட்டில்தான் இருக்கிறார். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். "இப்ப எனக்கு என்ன டென்ஷன் மனே? பிள்ளை வந்திட்டான். பிறகென்ன குளுசை?" என்றார்.

அந்தப் பதில் எனக்குள் கிடந்து உறுத்துகிறது. உயர்தரத்தில் நான் படித்த 'இழுவை'யும் ஆங்கிலத்தில் டென்ஷன்தான். வைத்தியர் சொன்னதும் டென்ஷன். மாமி சொன்னதும் டென்ஷன். மூன்றும் ஒன்றா, ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாதவையா? தெரிந்தவர்கள் விளக்கமாக எழுதுங்கள். மாமிக்கு விளங்கும் விதமாகச் சொல்ல எனக்கு வார்த்தை வேண்டும்.

பௌதிக டீச்சர் (அக்கரைப்பற்று)

தம்பி, மாமி தப்பியது பெரிய காரியம். நான் என் பக்கத்தைச் சொல்கிறேன். மருத்துவம் அறிந்தவர்கள் பிறகு வரட்டும்.

பௌதிகவியலில் இழுவை என்பது ஒரு கயிறோ கம்பியோ இழுபட்டு நிற்கும்போது அதற்குள் ஓடுகிற விசை. அலகு நியூட்டன். வகுப்பில் இதைச் சொல்ல நான் கொம்புமுறியைத்தான் எடுப்பேன். கண்ணகை அம்மனுக்கு நம் ஊர்களில் நடந்த விளையாட்டு. வளைந்த இரண்டு கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, வடம் கட்டி, வடசேரியார் ஒரு பக்கமும் தென்சேரியார் மறு பக்கமும் இழுப்பார்கள். ஒரு கொம்பு முறியும் வரை இழுப்பு நடக்கும். பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்பேன்: இரண்டு பக்கமும் தலா 5000 நியூட்டனால் இழுத்தால் வடத்தின் இழுவை எவ்வளவு? பாதி வகுப்பு 10000 என்று சொல்லும். சில பிள்ளைகள், இரண்டும் எதிர் எதிர் என்பதால் பூச்சியம் என்பார்கள். விடை 5000. ஒரு பக்கத்தை ஆலமரத்தில் கட்டிவிட்டு மறுபக்கத்தை 5000 நியூட்டனால் இழுத்தாலும் அதே 5000தான், ஏனென்றால் மரமும் அவ்வளவு விசையால் திருப்பி இழுக்கிறது. ஒரு முனையை விட்டுவிட்டால் வடம் நிலத்தில் கிடக்கும், இழுவை இல்லை. இரண்டு முனையும் பிடிபட்டால்தான் இழுவை உண்டு. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்து வரும்.

இன்னொன்று. கயிறு இழுக்கும், தள்ளாது. தள்ளுவது அமுக்கம். அமுக்கத்தின் அலகு சதுர மீற்றருக்கு இத்தனை நியூட்டன். ஆகவே டென்ஷனும் பிரஷரும் பௌதிகத்தில் வேறு வேறு கணியங்கள். வைத்தியத்தில் இரண்டையும் ஒன்றாகப் புழங்குவது எங்களுக்குக் கொஞ்சம் நெருடல்தான்.

சொல்லின் வேர் இலத்தீன், 'இழுத்து நீட்டு' என்று பொருள். ரொபேர்ட் ஹூக் தன் விதியை 1676ல் எழுத்துகளைக் குழப்பிப்போட்ட புதிராக வெளியிட்டு, 1678ல் அவிழ்த்துக் காட்டினார்: 'ஊட் டென்சியோ, சிக் விஸ்'. நீட்சி எவ்வளவோ விசையும் அவ்வளவு என்று அர்த்தம். அங்கே 'டென்சியோ' என்றது விசையை அல்ல, நீட்சியை! இன்றைக்கு நாங்கள் விசைக்கு வைத்திருக்கிற பெயர் அன்றைக்கு நீளத்துக்கு இருந்தது. ஆகவே இந்தச் சொல் இடம் மாறி மாறிப் போவது புதிதல்ல.

தறிவீடு (மருதமுனை)

டீச்சர் சொன்னது எங்கள் வீட்டில் தினமும் நடக்கிற விசயம். வாப்பாவின் கைத்தறியில் பாவு நூல், அதாவது நீளவாக்கு நூல், ஆயிரக்கணக்கில் ஓடும். எல்லா நூலும் ஒரே விறைப்பில் நிற்கவேண்டும். பத்து நூல் தொய்ந்தால் அந்த இடத்தில் துணி நெளியும், சாரத்தின் கரை வளையும். விறைப்புக் கூடினால் குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா போய்வரும்போது நூல் பட்டென்று அறும். வாப்பா உள்ளங்கையைப் பாவின் மேல் வைத்து மெதுவாகத் தட்டிப் பார்ப்பார். கை துள்ளி வருகிற விதத்தில் அவருக்குத் தெரியும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் நூல் காய்ந்து அதிகம் அறுவதால் அந்த நாட்களில் விறைப்பைக் கொஞ்சம் இளக்கித்தான் வைப்பார்.

தொய்ந்த நூலாலும் துணி வராது, அதையும் எழுதிவிடுகிறேன். விறைப்பு வேண்டாத ஒன்று என்று எங்கள் வீட்டில் யாரும் நினைப்பதில்லை.

வெள்ளைத்தொப்பி (கல்முனை)

நான் தாதிய உத்தியோகத்தர், 14 வருட சேவை. வாவிக்கரை தம்பி எழுதியதை வாசித்ததும் மனம் கனத்துவிட்டது, ஏனென்றால் இது ஒரு மாமியின் கதை மட்டும் அல்ல. "இப்ப டென்ஷன் இல்ல மிஸ், அதனால குளுசை விட்டுட்டன்" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒருவருக்கும் மறதி அல்ல. அந்தச் சொல்லை நம்பித்தான் விடுகிறார்கள்.

ஹைப்பர்டென்ஷனில் உள்ள டென்ஷன் மனதைப் பற்றியது அல்ல. நாடிக் குழாய்களுக்குள் ஓடுகிற குருதியின் அமுக்கம் நிரந்தரமாகக் கூடி நிற்பதுதான் அது. தமிழில் 'உயர் குருதி அமுக்கம்' என்று சொன்னால் இந்தக் குழப்பம் பாதியாகக் குறையும். 1896ல் இத்தாலிய வைத்தியர் ரிவா-ரொச்சி கையில் காற்றுப்பட்டி கட்டி அளக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1905ல் ரஷ்யாவின் கொரொட்கொவ் அந்தப் பட்டிக்குக் கீழே ஸ்டெதஸ்கோப் வைத்துச் சத்தம் கேட்கலாம் என்று காட்டினார். பட்டியின் காற்று இறங்கி வரும்போது முதல் 'டொக்' கேட்கிற இடம் மேல் எண், சத்தம் மறைகிற இடம் கீழ் எண். வேறு வேறு நாட்களில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் நின்றால் உயர் குருதி அமுக்கம் என்று எடுக்கிறோம். பெரும்பாலானவர்களுக்கு இதில் ஒரு வலியும் இராது, ஒரு குணங்குறியும் இராது. மனம் குளிர்ந்திருக்கும் ஆளுக்கும் 170 இருக்கலாம். மனம் வெந்துகொண்டிருக்கும் ஆளுக்கு 110 இருக்கலாம்.

டீச்சருக்கு ஒரு பதில்: அமுக்கமும் இழுவையும் வேறு என்பது சரி, ஆனால் குழாயின் சுவரில் இரண்டும் சந்திக்கின்றன. உள்ளேயிருந்து குருதி தள்ளுகிறது, அதனால் சுவர் சுற்றளவில் இழுபடுகிறது. லாப்லாஸ் விதிப்படி, மெல்லிய சுவருள்ள குழாயில் சுவரின் இழுவை என்பது அமுக்கத்தை ஆரையால் பெருக்கினால் வருவது. சைக்கிள் ரியூப்பில் ஒரு இடம் பொம்மினால் அந்த இடம்தான் மேலும் மேலும் பொம்மும், பார்த்திருப்பீர்கள். ஆரை கூடக்கூட அங்கே இழுவையும் கூடுகிறது. நாடியில் வீக்கம் வந்தவர்களுக்கும் அப்படித்தான், ஆகவேதான் அது பயங்கரம். இதயத்தின் இடது அறை கூடிய அமுக்கத்துக்கு எதிராக வருடக்கணக்கில் வேலை செய்தால், அந்த இழுவையைத் தாங்குவதற்காகச் சுவர் தடிக்கிறது. தடித்த இதயம் பிறகு சரியாக விரியாது.

மருத்துவத்தில் டென்ஷன் என்ற சொல் இன்னும் பல இடத்தில் வரும். குருதியில் ஒட்சிசனின் பகுதியமுக்கத்தை (ஒட்சிசனால் மட்டும் வரும் அமுக்கத்தை) ஒட்சிசன் டென்ஷன் என்பார்கள். கண்ணுக்குள் இருக்கும் அமுக்கத்தையும் டென்ஷன் என்பது வழக்கம், அது பொதுவாக 10 முதல் 21 மில்லிமீற்றர் இரசம். குறைமாதக் குழந்தைகளின் சுவாசத்தில் டீச்சர் சொன்ன இழுவைக்கு நெருக்கமான டென்ஷன் வருகிறது: காற்றுப்பைகளின் உட்புறத்து ஈரத்தின் பரப்பு இழுவிசை. அதைக் குறைக்கும் வழுவழுப்பான பொருள் போதாமல் பிறக்கும் குழந்தையின் காற்றுப்பைகள் மூச்சு விட்டதும் ஒட்டிக்கொள்கின்றன. 1959ல் மேரி எலன் ஏவரியும் ஜெர் மீடும் இதைக் காட்டினார்கள். இன்று அந்தப் பொருளைக் குழாய் வழியாகக் கொடுத்துக் காப்பாற்ற முடிகிறது. 900 கிராம் பிள்ளை ஒன்று அந்த மருந்துக்குப் பிறகு நெஞ்சுக்கூடு உள்வாங்காமல் மூச்செடுத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவும் தோன்றவில்லை, அவ்வளவு சந்தோசம்.

சின்ன உப்போடை

மிஸ், அப்போ கோபம் வந்தால் பிரஷர் ஏறும் என்று காலாகாலமாகச் சொல்வது பொய்யா? எங்கள் அப்பா சண்டை பிடித்த அன்று மெசினில் 165 காட்டியது. அடுத்த நாள் 128.

வெள்ளைத்தொப்பி (கல்முனை)

பொய் இல்லை. கோபம், பயம், ஓட்டம், குளிர் எல்லாவற்றிலும் ஏறும், சிறிது நேரத்தில் இறங்கிவிடும். கிளினிக்கில் வெள்ளைச் சட்டையைக் கண்டதும் ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள். வடிந்துவிடும் வெள்ளத்துக்கும் முற்றத்தில் மாதக்கணக்காக நிற்கும் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம் அது. நீண்டகால மனநெருக்கீடு நித்திரையைக் கெடுத்து, புகைக்க வைத்து, உப்பும் எண்ணெயும் கூட்டித் தின்ன வைத்து உயர் அமுக்கத்துக்கு வழி போடலாம். ஆனால் வயது, பரம்பரை, உப்பு, உடல் எடை, சிறுநீரகம் என்று வேறு காரணங்கள் நிறைய. மனம் சரியானதால் மட்டும் நோய் போய்விடாது.

உங்கள் அப்பாவுக்கு அளக்கும்போது ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவிட்டு, முதுகு சாய்த்து, கால் இரண்டும் நிலத்தில் பட, கை நெஞ்சின் உயரத்தில் இருக்க அளவுங்கள். சிறுநீர் முட்டிக்கொண்டிருக்கும்போது அளக்கவே வேண்டாம்.

மின்கம்பம் (செங்கலடி)

நான் லைன் வேலை. எங்களுக்கும் 'ஹை டென்ஷன்' இருக்கிறது, 33,000 வோல்ட் கம்பி. அங்கே டென்ஷன் என்றால் மின்னழுத்தம், வோல்ட்டேஜ். பிரெஞ்சுக்காரர் இன்றும் வோல்ட்டேஜைத் 'தான்ஸியோன்' என்றுதான் சொல்கிறார்கள். அதே கம்பியில் டீச்சரின் இழுவையும் இருக்கிறது. அதை வெயில் காலத்தில் வில் மாதிரி இறுக்கிக் கட்டினால் மழைக்குளிரில் சுருங்கிக் கம்பத்தையே இழுக்கும், அறுந்தாலும் அறும். ஆகவே கணக்குப் பார்த்துத் தொய்வு விட்டுத்தான் கட்டுகிறோம். ஒரே கம்பியில் இரண்டு டென்ஷன். ஒன்றை அளக்க ஒரு கருவி, மற்றதை அளக்க வேறு கருவி. மாமியின் கதையில் கருவி மாறிப்போயிருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

பௌதிக டீச்சர் (அக்கரைப்பற்று)

மின்கம்பம் தம்பி நல்ல இடத்தைத் தொட்டிருக்கிறார். இதனால்தான் நம் பாடநூல்களில் பிரஷருக்கு அமுக்கம் என்றும், மின்னில் அழுத்தம் என்றும் தனித்தனியாக வைத்திருக்கிறோம். தமிழகத்தில் பிரஷருக்கே அழுத்தம் என்கிறார்கள், அதனால் இரத்த அழுத்தம். அதற்குப் பக்கத்தில் 'மன அழுத்தம்' வந்து உட்கார்ந்ததும் மறுபடியும் மாமியின் குழப்பம்தான்: ஒன்று குறைந்தால் மற்றதும் குறையும் என்று காது நம்பிவிடுகிறது. காரைதீவில் 1892ல் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானப் பட்டதாரி, கலைச்சொல்லாக்கத்தில் உழைத்தவர். யாழின் நரம்புகளை ஆராய்ந்தவருக்கு இழுவை என்பது ஏட்டுச் சொல்லாக இருந்திருக்காது.

உடுக்கடி (களுவாஞ்சிக்குடி)

நரம்பு என்றதும் எழுதத் தோன்றியது. எங்கள் அப்பப்பா குளிர்த்திச் சடங்குக் காலத்தில் அம்மன் கோயிலில் உடுக்கு அடித்தவர். உடுக்கின் இடுப்பில் சுற்றியிருக்கும் கயிற்றை இடது கையால் நெரித்தால் தோல் இரண்டு பக்கமும் இழுபட்டு நாதம் மேலே போகும். கையை இளக்கினால் கீழே இறங்கும். நெரித்துக்கொண்டே அடித்தால் அந்த நாதம் அழுவது போல வளைந்து வரும். எவ்வளவு நெரித்தால் எவ்வளவு ஏறும் என்று கணக்கு இருக்கிறதா டீச்சர்?

பௌதிக டீச்சர் (அக்கரைப்பற்று)

இருக்கிறது. அதிர்வெண் இழுவையின் வர்க்கமூலத்துக்கு விகிதசமன். ஒரு ஸ்தாயி மேலே போக, அதாவது அதிர்வெண் இரண்டு மடங்காக, இழுவை நான்கு மடங்காக வேண்டும். அப்பப்பாவின் கைக்கு அந்தக் கணக்குத் தெரிந்திருக்கிறது.

ஆற்றுப்படுத்துநர் (மட்டக்களப்பு நகர்)

நான் உளவளத்துணை வேலையில் இருப்பவள். இரண்டு நாளாக வாசித்துக்கொண்டு வருகிறேன். மாமியின் டென்ஷனுக்காக யாரும் இன்னும் பேசவில்லை. அது நோயின் பெயர் இல்லைதான், ஆனால் பொய்யும் இல்லை. மகன் வெளிநாட்டில் தவிக்க, நித்திரை இல்லாமல் இருந்தது உண்மையான துன்பம்.

உளவியலுக்கு இந்தச் சொல்லைப் பௌதிகத்திலிருந்து அறிந்தே கொண்டுவந்தவர்கள் உண்டு. கேர்ட் லெவின் மனதை விசைகள் இழுக்கும் ஒரு களமாகப் பார்த்தார். செய்ய எண்ணிய காரியம் முடியாமல் கிடக்கும்போது உள்ளே ஒரு இழுவை நிற்கிறது, முடிந்ததும் தளர்கிறது என்றார். அவருடைய மாணவி புளூமா சைகார்னிக் 1927ல், இடையில் நிறுத்தப்பட்ட வேலைகள் முடித்த வேலைகளைவிட நினைவில் நிற்கின்றன என்று எழுதினார். பின்னாளில் திரும்பச் செய்து பார்த்தவர்கள் எல்லாருக்கும் அந்த முடிவு வரவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஹான்ஸ் செல்யே 1936ல் உடல் எந்தப் பாதிப்புக்கும் ஒரே விதமாகக் காட்டும் எதிர்வினையைப் பற்றி எழுதினார், பிறகு அதற்கு 'ஸ்ட்ரெஸ்' என்று பெயர் வந்தது. டீச்சர், அது உங்கள் பாடத்தில் 'தகைப்பு', ஒரு பரப்பின் மேல் வரும் விசை. ஆனால் அவர் சொல்ல வந்தது வெளியிலிருந்து வரும் விசையை அல்ல, அதனால் உள்ளே ஏற்படும் 'விகாரத்தை', அதாவது உருமாற்றத்தை. பின்னாளில் அவரே, சரியான சொல் விகாரம்தான் என்று ஒப்புக்கொண்டார்.

எங்கள் மேசைக்கு வருகிறவர்கள் டென்ஷன் என்று சொல்வது குறைவு. "ஒரே யோசனை", "நெஞ்சுக்க ஒரு இறுக்கம்", "தலையைச் சுத்தி வார் போட்டுக் கட்டின மாதிரி" என்கிறார்கள். கடைசியாகச் சொன்னது டென்ஷன் தலையிடிக்கு வைத்தியர்கள் சொல்லும் வர்ணனையேதான்: இரண்டு பக்கமும், துடிக்காமல், பட்டி கட்டியது போல. பயம் கலந்த பரபரப்புக்குப் பதகளிப்பு என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. ஒன்றிலும் மனம் போகாமல் வாரக்கணக்கில் சோர்ந்து கிடப்பது மனச்சோர்வு. இத்தனையையும் டென்ஷன் என்ற ஒரே பையில் போட்டால் யாருக்கு என்ன உதவி தேவை என்று தெரியாமல் போகிறது.

டீச்சர் சொன்ன இரண்டு முனை விசயம் என்னை விடவில்லை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைக்காகக் காத்திருக்கும் ஒரு தாய், அடையாளம் தெரியாமல் இருக்க விபரம் மாற்றி எழுதுகிறேன். இராச் சாப்பாட்டில் ஒரு கோப்பை கூடுதலாக வைப்பார், பிறகு எடுத்து மூடிவைப்பார். அவர் கையில் கயிற்றின் ஒரு முனை இருக்கிறது. மறுமுனையை யார் பிடித்திருக்கிறார்கள், பிடித்திருக்கிறார்களா என்றே தெரியாது. ஆனால் இழுவை மட்டும் குறையவில்லை. பவுலின் பாஸ் என்ற அறிஞர் இதற்குத் தெளிவற்ற இழப்பு என்று பெயர் வைத்தார். "மறந்துவிடுங்கள்" என்று சொல்வது அந்தத் தாயின் முனையை அறுக்கச் சொல்வது, அதை நாங்கள் சொல்வதில்லை. கூட உட்கார்ந்து அந்தக் கயிற்றைக் கொஞ்ச நேரம் பிடிக்கிறோம்.

கைக்குச் செய்யக்கூடியது ஒன்று. எட்மண்ட் ஜேக்கப்சன் கொண்டுவந்த தசைத் தளர்வு முறை. வலது கையை ஐந்து விநாடி இறுக்கிப் பொத்துங்கள். முழங்கை வரை நடுங்குவது தெரியும். பிறகு சட்டென்று விட்டு, விட்ட கை எப்படி இருக்கிறது என்று அரை நிமிடம் கவனியுங்கள். தோள், தாடை, நெற்றி என்று ஒவ்வொன்றாக. தாடை இத்தனை வருடம் கடித்தபடி இருந்தது இன்றுதான் தெரியும் என்று ஒரு ஐயா சொன்னார். இது மனதுக்கு. பிரஷர் குளுசைக்குப் பதில் அல்ல. பேச ஆள் தேவைப்பட்டால் 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு எடுக்கலாம்.

தறிவீடு (மருதமுனை)

அந்தக் கோப்பை விசயத்தை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். உம்மா ஒன்றும் சொல்லவில்லை. எழும்பிப் போய்த் தொழுகைக்கு உளூ எடுத்துக்கொண்டு (கை, கால், முகம் கழுவி) வந்தார்.

வாவிக்கரை (கல்லடி)

எல்லாருக்கும் நன்றி. நேற்றுப் பின்னேரம் மாமியிடம் பேசினேன். புத்தக வார்த்தை ஒன்றும் எடுபடவில்லை. அப்புறம் முற்றத்தில் பூமரத்துக்குத் தண்ணீர் விடுகிற குழாயைக் கையில் கொடுத்தேன். நுனியை விரலால் பொத்தச் சொன்னேன். குழாய் விறைத்தது. "பிடிச்சுப் பாருங்க, குழாய் இறுகுதா?" "இறுகுது." "இப்ப உங்கட மனசில டென்ஷன் இருக்கா?" சிரித்துவிட்டு, "இல்ல" என்றார். "குழாய்க்கு இருக்கு. குளுசை குழாய்க்குத்தான் மாமி, மனசுக்கில்ல."

கொஞ்ச நேரம் குழாயைப் பிடித்தபடியே நின்றார். பிறகு, "அப்ப என்ர பிள்ளைக்காக நான் பட்டது?" என்று கேட்டார். அதற்கு என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றபோது, ஆற்றுப்படுத்துநர் அக்கா எழுதியது நினைவுக்கு வந்தது. "அது வேற மாமி, அதுவும் உண்மைதான், அதுக்கு நாங்க இருக்கம்" என்றேன். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் அழுதார், நானும் நிறுத்தச் சொல்லவில்லை.

கிளினிக் கொப்பியின் மட்டையில் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது: "குழாய்க் குளுசை. காலை ஒன்று. மனம் நல்லா இருந்தாலும்."

இன்று காலை 148/90.

வெள்ளைத்தொப்பி (கல்முனை)

இறங்கி வருகிறது, நல்லது. தானாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம், கொப்பியோடு கிளினிக்குக்குப் போகட்டும். போன கிழமை நடந்ததைக் கட்டாயம் சொல்லச் சொல்லுங்கள். வாய் தானாகச் சரியானாலும் அது பெரிய பாரிசவாதத்துக்கு முன்னறிவிப்பாக இருக்கலாம். மறுபடி வாய் கோணினால், ஒரு கை தூக்க முடியாவிட்டால், பேச்சுக் குழறினால், சரியாகுமா என்று காத்திருக்காமல் உடனே அம்புலன்சுக்கு 1990க்கு எடுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்து வையுங்கள், அங்கே முதலில் அதைத்தான் கேட்பார்கள்.